மார்கழி மல்லியும் கே4 கேள்வியும்: வகுப்பறையில் யோசிக்கப் பழக்கிய அனுபவம்

எங்கள் கல்லூரியில் வினாத்தாள் தயாரிக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1 முதல் கே6 வரை ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டும். கே1 என்றால் நினைவிலிருந்து எழுதுவது. கே4 பகுத்து ஆராய்வது. கே6 புதிதாக உருவாக்குவது. அமெரிக்காவில் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956-இல் வெளியிட்ட வகைப்பாடு, 2001-இல் திருத்தப்பட்டு, கல்லூரிகளைத் தரம் பார்க்கும் ‘நாக்’ அமைப்பின் ஆய்வு, ‘அவுட்கம்’ எனப்படும் கற்றல் விளைவு என்று பல வாசல் ஏறி இறங்கி நம் ஊர் வினாத்தாளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ‘விமர்சன நோக்கில் ஆராய்க’ என்று ஒரு கே4 கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நிறைகள் ஐந்து, குறைகள் ஐந்து, முடிவுரை. வகுப்பு முழுக்க அதே ஐந்து, அதே வரிசை. கைடில் இருக்கும் அச்சுப்பிழைகூட மாறாமல் வரும். ஆராய்ந்தவர் கைடு எழுதியவர், பிள்ளைகள் செய்தது கே1. அவராவது ஆராய்ந்தாரா என்பது தனிக் கதை.

நான் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளியல், தமிழ் வழி வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். பலருக்கு வீட்டில் அவர்கள்தான் முதல் பட்டதாரி. ‘இதுகளுக்கு யோசிக்கவே தெரியல’ என்பது ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி காதில் விழும் வசனம். எனக்கு அதில் உடன்பாடில்லை. திருமங்கலம் ஆட்டுச் சந்தைக்கு அப்பாவோடு போய்ப் பழகிய பையன், விற்கிறவர் ‘ரெண்டு வயசு’ என்று சொன்னால் அப்படியே நம்பிவிட மாட்டான். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். நடக்கவிட்டுப் பார்ப்பான். பக்கத்தில் கட்டியிருக்கும் ஆட்டுக்கு என்ன விலை என்று சும்மா கேட்பதுபோல் கேட்டு வைப்பான். அதே பையன் வகுப்பில் உட்கார்ந்ததும், புத்தகத்தில் எது போட்டிருந்தாலும் அடிக்கோடு போட்டுக்கொள்கிறான். காரணம் எளிது: சந்தையில் ஏமாந்தால் காசு போகும். வகுப்பில் கேள்வி கேட்டால் எதுவும் கிடைக்காது, சில நேரம் திட்டுதான் கிடைக்கும்.

அதனால் ‘விமர்சனச் சிந்தனை’ என்று தனியாக ஒரு தாள் வைப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. முதல் யூனிட்டில் அதற்கு வரையறை வரும், அந்த வரையறையையும் மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கிவிடுவார்கள். என் பாடத்துக்குள்ளேயே, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை வைத்துத்தான் நான் செய்து பார்த்தேன்.

தேவை, அளிப்பு, விலை. பொருளியலில் எல்லோரும் முதலில் படிப்பது. ‘மல்லிப்பூ விலை எப்ப ஏறும்?’ என்று கேட்டேன். ‘முகூர்த்தத்துக்கு மேம்’ என்று வகுப்பே சேர்ந்து சொன்னது. போர்டில் எழுதினேன்: முகூர்த்தம், தேவை கூடுகிறது, விலை ஏறுகிறது. பாடம் முடிந்த மாதிரிதான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண், வீட்டில் பூந்தோட்டம் வைத்திருப்பவர்கள், பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ முணுமுணுத்தாள். ‘என்னம்மா, சத்தமாத்தான் சொல்லேன்’ என்றேன்.

‘மார்கழியில கல்யாணமே கிடையாதே மேம். அப்பதான எங்க வீட்டுல கிலோ ரெண்டாயிரம், மூவாயிரம்னு பேசுவாங்க.’

வகுப்பு ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் ஆளுக்கொன்று சொன்னார்கள். ‘ஐயப்ப சாமிக்கு மாலை போடுவாங்கல்ல.’ ‘மார்கழி பூரா கோயில்ல பூஜை.’ ‘வைகுண்ட ஏகாதசி.’ அவள் விடவில்லை: ‘பூவே வராது மேம். பனி.’ ஆக, இரண்டு விளக்கம் கையில் இருக்கிறது. கோயில் தேவை கூடியதால் விலை ஏறியதா, பனியால் வரத்து குறைந்ததால் ஏறியதா? இரண்டுமேகூட இருக்கலாம். நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. ‘எது எவ்வளவு காரணம்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?’ என்று மட்டும் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பாடம் நடத்துகிறவர்களுக்கு இதுதான் கஷ்டமான வேலை. வாய் சும்மா இருக்காது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான்: ‘கோயிலுக்குத்தான் விலை ஏறுதுன்னா, செவ்வந்தியும் அதே மாதிரி ஏறணும்ல மேம்? மாலைக்கு அதுவும்தான போகுது.’ அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன் என்று தோன்றியது. ‘இது உண்மை என்றால் வேறு எது நடந்திருக்க வேண்டும்?’ என்று கேட்பதுதான் பாதிச் சிந்தனை. யாரும் அவனுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆட்டுச் சந்தையில் செய்கிறதை இங்கே செய்கிறான், அவ்வளவுதான்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலை நாளிதழ்களில் வருகிறது. ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, மல்லி, பிச்சி, முல்லை, செவ்வந்தி, சம்பங்கி என்று ஆளுக்கொரு பூவைக் கொடுத்தேன். செமஸ்டர் முடிகிற வரை நோட்டில் விலையும் பக்கத்தில் அன்று என்ன நாள் என்பதும் எழுத வேண்டும். மல்லி, பிச்சி, முல்லை மூன்றும் கை கோத்துக்கொண்டு மேலே போயின. செவ்வந்தி அந்த அளவுக்கு ஏறவில்லை. பனி பக்கம் தராசு சாய்ந்தது, ஆனாலும் ‘நிரூபணம் ஆச்சு மேம்’ என்று ஒரு குழு எழுதியதை அடித்துவிட்டேன். வரத்து எவ்வளவு என்ற கணக்கு நம்மிடம் இல்லை. விலையை மட்டும் வைத்து வரத்தைப் பற்றிப் பேசுகிறோம். ‘அப்ப என்ன எழுதுறது?’ என்றார்கள். ‘இதுவரை பார்த்ததில் இதற்கு வாய்ப்பு அதிகம். வரத்துக் கணக்கு கிடைத்தால் உறுதியாகச் சொல்லலாம்’ என்று எழுதச் சொன்னேன். இப்படி எழுதுவது பிள்ளைகளுக்குத் தோல்விபோல் படுகிறது. தெரியாது என்று எழுதினால் மார்க் போகும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பழகியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் அந்தப் பாடத்திலிருந்துதான் வந்தது. ‘மல்லி விலை கிடுகிடு உயர்வு, விவசாயிகள் மகிழ்ச்சி’ என்ற வகைத் தலைப்பை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, ‘எங்கப்பா எங்க மேம் மகிழ்ச்சியா இருந்தாரு?’ என்றாள். கிலோ மூவாயிரம், பறித்தது அரைக் கிலோ. அதிலும் பறிகூலி, கமிஷன் கடைக்காரர் கழிவு. வெயில் காலத்தில் பூ கொட்டும்போது விலை படுத்துவிடும், சென்ட் ஃபேக்டரி கேட்கிற விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். விலை வேறு, வருமானம் வேறு என்று நான் போர்டில் எழுதியிருந்தால் யாருக்கும் நினைவிருக்காது. அவள் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

இதை முயன்று பார்க்க நினைக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. முதல் வகுப்பிலேயே சாதி, சாமி, கட்சி என்று தொடங்காதீர்கள். தன் வீட்டைத் தொடுகிற விஷயம் என்றால் யாராக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொள்வார்கள், நாமும் அப்படித்தான். முதலில் யாருடைய மானத்துக்கும் சம்பந்தமில்லாத விளையாட்டு ஒன்று போதும். நான் பயன்படுத்துவது பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-இல் செய்த சோதனை. போர்டில் 2, 4, 6 என்று எழுதுகிறேன். ‘என் மனசுல ஒரு விதி இருக்கு. இந்த மூணும் அதுக்குப் பொருந்தும். நீங்க மூணு எண் சொல்லுங்க, பொருந்துதா இல்லையான்னு மட்டும் சொல்றேன். விதி நிச்சயமாத் தெரிஞ்சதும் அதைச் சொல்லுங்க.’ 8, 10, 12? பொருந்துகிறது. 20, 22, 24? பொருந்துகிறது. ‘ரெண்டு ரெண்டா கூடுது மேம்!’ இல்லை. வகுப்பில் சலசலப்பு. உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1, 7, 50-ம் பொருந்தும். 6, 4, 2 என்று கேட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ‘இல்லை’ என்ற பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்கவே நமக்குக் கூச்சம். இதைப் பதினைந்து நிமிடத்தில் செய்து முடித்துவிடலாம். அதன் பிறகு செமஸ்டர் முழுக்க, யாராவது தனக்குச் சாதகமான உதாரணமாகவே அடுக்கினால், ‘எட்டு பத்து பன்னெண்டு!’ என்று வகுப்பே கத்தும்.

மதுரைப் பிள்ளைகளிடம் ஒரு தனி வசதியும் உண்டு, தனிச் சிக்கலும் உண்டு. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள். பேராசிரியர் சாலமன் பாப்பையா ஊர்க்காரர்கள் என்ற பெருமை வேறு. மைக்கைக் கொடுத்தால் எந்தப் பக்கமும் பேசுவார்கள், கைதட்டல் வாங்குகிற இடம் தெரியும். நானும் பட்டிமன்ற ரசிகைதான். ஆனால் அங்கே எதிரணியில் நல்ல கருத்து வந்தால் அதை எப்படி மடக்குவது என்றுதான் மூளை போகும். அது சரியாக இருக்குமோ என்று யோசித்தால் அணி தோற்றுவிடும். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது நக்கீரரை இழுப்பார்கள். எனக்கு அந்தக் கதையில் நெடுநாளாக ஒரு குறை. அவர் தைரியம் பெரிதுதான். ஆனால் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்பது சபையில் வாதாடித் தீர்க்கிற விஷயமா? அத்தனை பேர் இருந்தும் ஒருவராவது போய் மோந்து பார்க்கலாம் என்று சொல்லவில்லையே.

அதனால் விவாதத்தில் இரண்டு விதி சேர்த்தேன். ஒன்று, பதில் சொல்வதற்கு முன் எதிரில் இருப்பவர் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ‘ஆமா, அதத்தான் சொன்னேன்’ என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் பதில். முதலில் எரிச்சல்படுவார்கள். பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியும். இரண்டாவது, பாதியில் மணி அடித்தால் அணி மாற வேண்டும். நன்றாகப் பேசுகிறவர்கள் இதில் தடுமாறுவார்கள். எப்போதும் வாய் திறக்காத சிலர் நன்றாகச் செய்வார்கள்.

யோசனையை நிறுத்துகிறவை எவை என்று கேட்டால் பயத்தை எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் சிரிப்பும் பெருமையும் அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக நிறுத்துகின்றன. 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்டார்களே, அதை வகுப்பில் எடுத்தேன். வாயைத் திறப்பதற்குள் சிரிப்பு. ‘சரி, சிரிச்சாச்சு. என்ன தப்புன்னு சொல்லுங்க’ என்றேன். ‘லூசுத்தனம் மேம்.’ ‘ஏன்?’ பதில் இல்லை. நீரின் மேற்பரப்பை மூடினால் ஆவியாவது குறையும் என்பது சரியான விஷயம்தான். 2015-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர நீர்த்தேக்கம் ஒன்றில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டிருக்கிறார்கள். வெயில் பட்டு நீரில் வேதிமாற்றம் நடப்பதைத் தடுப்பதுதான் அங்கே முதல் நோக்கம், ஆவியாதல் குறைந்தது கூடுதல் லாபம். இதைச் சொன்னதும் வகுப்பு அப்படியே மறுபக்கம் சாய்ந்தது: ‘அப்ப நம்மாளுங்க செஞ்சது சரிதானா!’ அதுவும் இல்லை. பந்து தண்ணீரில் எப்படி உட்காருகிறது, எடையே இல்லாத தட்டையான அட்டை காற்றில் என்ன ஆகும், அணையின் நீர்ப்பரப்பை ஓர் அட்டையின் பரப்பால் வகுத்தால் எத்தனை அட்டை வேண்டும், அதற்கு என்ன செலவு? கணக்குப் போட்ட பிறகு எந்த இடத்தில் யோசனை சறுக்கியது என்று துல்லியமாகச் சொன்னார்கள். அப்புறம் யாரும் அவ்வளவு சத்தமாகச் சிரிக்கவில்லை.

பெருமைக்கு உதாரணம் கீழடி. இங்கிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்தான், அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவது சுலபம். ‘கீழடி கி.மு. 580’ என்று எல்லோருக்கும் தெரியும். ‘580 என்பது எதனுடைய வயசு?’ என்று கேட்டேன். ‘கீழடியோட வயசு மேம்.’ தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையைப் படிக்கச் சொன்னேன். ஆறு கரிம மாதிரிகளை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒன்றுக்குத்தான் கி.மு. 580 என்று முடிவு வந்தது. அது அந்தக் கரித்துண்டின் வயது. அதே மண்ணடுக்கில் கிடைத்த பானை ஓட்டுக்கும் அந்த வயதைப் பொருத்துவதற்கு, அடுக்கு கலையாமல் இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அதைத் தொல்லியலாளர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் அந்தத் துறையின் வேலையே. ஒரு பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ‘அப்ப கீழடி பொய்யா மேம்?’ என்றான். இல்லைப்பா. நாளைக்கு யாராவது ‘அதெல்லாம் சும்மா’ என்று சொன்னால், 353 செ.மீ. பற்றித் தெரிந்தவனால்தான் பதில் சொல்ல முடியும். வெறும் பெருமையை வைத்துக்கொண்டு கத்தத்தான் முடியும்.

இதெல்லாம் சுவாரசியமாக இருக்கும், ஆனால் மார்க் இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் காற்று இறங்கிவிடும். கல்லூரியில் படிப்பவர்கள் நடைமுறைவாதிகள், குறை சொல்ல முடியாது. 25 மார்க் இன்டர்னலில்தான் நமக்குக் கொஞ்சம் சுதந்திரம். அதில் ஒரு கேள்வியை மாற்றினேன். ஒரு செய்தித் துணுக்கோ விளம்பரமோ கொடுத்துவிட்டு மூன்றே கேட்பேன்: இது என்ன சொல்கிறது, இதை நம்புவதற்கு உனக்கு இன்னும் என்ன தெரிய வேண்டும், எது தெரிய வந்தால் உன் கருத்தை மாற்றிக்கொள்வாய். டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சென்டர் ஃபிளெக்ஸ் இதற்கு அருமையான சரக்கு. ‘குரூப் 4-இல் எங்கள் மாணவர்கள் இத்தனை பேர் வெற்றி.’ மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? அவர்கள் முழு வகுப்பும் படித்தார்களா, கடைசியில் மாதிரித் தேர்வு மட்டும் எழுதினார்களா? ஒரே ஆள் படம் இரண்டு சென்டர் ஃபிளெக்ஸில் எப்படி? கோச்சிங்குக்கு வீட்டில் பணம் கேட்கப் போகிற பிள்ளைகள் இந்தக் கேள்விக்கு எழுதிய பதில் மாதிரி வேறு எதற்கும் எழுதியதில்லை.

பதில் அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். அறுபது பேப்பர் திருத்துகிற நமக்கும் நல்லது, பக்கத்தை நிரப்பும் வியாதிக்கும் மருந்து. ‘செமஸ்டர்லயும் இப்படி எழுதலாமா மேம்?’ என்று கேட்பார்கள். அங்கே திருத்துகிறவர் யாரோ. நிறை ஐந்து, குறை ஐந்தை எழுதிவிட்டு, முடிவுரைக்கு முன்னால் சொந்தமாக இரண்டு வரி எழுது என்பேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை, பிள்ளைகளின் மார்க்கை வைத்து நான் புரட்சி செய்ய முடியாது.

வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். ஒரு பெண்ணின் அப்பா போன் செய்து, ‘என்னம்மா சொல்லிக் குடுக்குறீங்க? எதைச் சொன்னாலும் ஆதாரம் கேக்குது’ என்றார். கோபம் பாதி, பெருமை பாதி. கேட்பதில் ஒரு நயம் இருக்கிறது என்பதையும் அதன் பிறகு வகுப்பில் சேர்த்துக்கொண்டேன். ‘நிரூபிங்க’ என்றால் வீட்டில் அறைதான் விழும். ‘இது உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சுச்சு?’ என்றால் அப்பாக்கள் உட்கார்ந்து கதை சொல்வார்கள். கேள்வி ஒன்றுதான். கல்யாணம், ஜாதகம் என்று வரும்போது இது மட்டும் போதாது, அந்தப் பெண்கள் எந்த அளவுக்குக் கேட்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

இப்போது புது வரவு, செயற்கை நுண்ணறிவு. அசைன்மென்ட் எல்லாம் சாட்ஜிபிடி தமிழில் வருகிறது. தடுப்பதில் பயனில்லை என்று, அதையே அசைன்மென்ட் ஆக்கினேன்: உன் ஊரைப் பற்றி அதனிடம் கேள், வருகிற பதிலில் எது சரி, எது தப்பு என்று விசாரித்து எழுது. சின்ன ஊர்களைப் பற்றி அது அளக்கிற கதை இருக்கிறதே! மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு, அவன் ஊர் அம்மன் கோயில் ‘பல நூற்றாண்டு பழமையானது’ என்று சொல்லியிருக்கிறது. பூசாரியிடம் கேட்டிருக்கிறான். ‘நூறு வருசம் இருக்கும்ப்பா.’ கோயில் சுவரில் உபயதாரர் பெயர்கள் பொறித்த கல் இருக்கிறது, அதில் ‘துன்மதி வருடம்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. தமிழ் வருடம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருமே. அப்படியானால் 1921-ஆ, 1981-ஆ? பூசாரி கணக்குக்கு முதலாவது பொருந்துகிறது. பையன் கல்லை மறுபடி படித்தான். உபயதாரர் வரிசையில் அவனுடைய தாத்தா பெயர் இருந்தது. தாத்தா 1921-இல் பிறக்கவே இல்லை, ஆகவே 1981.

பத்துக்கு ஒன்பது போட்டேன். ஒரு மார்க் ஏன் குறைந்தது என்று கேட்டு வந்தான். தாத்தா பெயரிலேயே ஊரில் இன்னொருவர் முன்னால் இருந்திருக்கலாமே, தவிர அவர் பிறந்த வருடத்துக்கு என்ன ஆதாரம் காட்டியிருக்கிறாய் என்றேன். மறுநாள் தாத்தாவின் ஆதார் கார்டைக் கொண்டுவந்து நீட்டினான். பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தது. அவனே சொன்னான்: ‘எங்க ஊர்ல பாதிக் கிழவனுங்களுக்கு இதே தேதிதான் மேம். வருசம் மட்டும் சரியா இருக்குமான்னு இப்ப எனக்கே டவுட்டா இருக்கு.’ அந்த ஒரு மார்க்கையும் போட்டுவிட்டேன்.